பாதியில் எழுந்து போகிறவர்கள்

வணக்கம் சார்,

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன ஆன்லைன் கேம் செய்து வெளியிட்டிருக்கிறோம். நான்கு பேருக்கு நான்கு பேர், ஒரு மேட்ச் ஏறக்குறைய 25 நிமிடம். ஆட்கள் வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லை. வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: தோற்க ஆரம்பித்ததும் யாரோ ஒருவர் க்விட் செய்துவிடுகிறார், மீதி மூன்று பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று தடவை போனால் வாழ்நாள் பேன், அதாவது கேமுக்குள் வரவே நிரந்தரத் தடை, என்கிறான் ஒரு நண்பன். எனக்கோ, அடிக்கடி போகிறவர்களின் பெயர்களை முகப்பிலேயே பட்டியலாகப் போட்டுவிடலாம், கொஞ்சம் வெட்கம் வரட்டும் என்று தோன்றுகிறது. போன வாரம் நானே வேறொரு கேமில் பாதியில் வெளியேறினேன், வீட்டில் கூப்பிட்டார்கள், வேறு வழியில்லை. அதிலிருந்து குழப்பம் கூடிவிட்டது. நீங்கள் விளையாட்டுகளைப் பற்றி முன்பு எழுதியிருப்பதால் கேட்கிறேன், என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம.,

வீட்டில் கூப்பிட்டதால் நீங்களும் ஒரு மேட்சிலிருந்து வெளியேறினீர்கள் என்று கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்று உங்களோடு ஆடியவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஓடிவிட்டான் என்றுதான். வீட்டில் கூப்பிட்டது அவர்களுக்குத் தெரியாது, கேமை நடத்துகிற கணினியான சர்வருக்கும் தெரியாது. உங்கள் நண்பர் சொல்கிற மூன்று தடவையில் அதுவும் ஒன்றாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் இருபது மேட்சுக்கு ஒரு தடவை மட்டும் பாதியில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெட் கட், அவசரமான போன், குழந்தை எழுந்துவிட்டது, ஏதோ ஒரு நாள் கோபம், எல்லாம் சேர்த்து இருபதில் ஒன்று. தன்னை ஒழுங்கான ஆட்டக்காரர் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார், அது சரியும்கூட. இப்போது அப்படிப்பட்ட எட்டுப் பேரை ஒரே மேட்சில் சேருங்கள். எட்டுப் பேரும் கடைசி வரை இருக்க வாய்ப்பு 66 சதவீதம்தான். கெட்ட ஆள் என்று ஒருவர்கூட இல்லாமலேயே மூன்றில் ஒரு மேட்ச் உடைகிறது! ஐந்துக்கு ஐந்து என்றால் நூற்றுக்கு நாற்பது மேட்ச் உடையும். அதே இருபதில் ஒன்றை ஐம்பதில் ஒன்றாகக் குறைத்துவிட்டால், உங்கள் எட்டுப் பேர் மேட்ச் உடைவது 15 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆக, நாலைந்து மோசமான ஆட்களைத் துரத்துவதோடு உங்கள் வேலை முடியாது, எல்லோருடைய அந்த ஒரு தடவையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாக வேண்டும். வாழ்நாள் பேன் அதைச் செய்யாது. போதாததற்கு உங்கள் கேம் இலவசம் என்றால் இரண்டு நிமிடத்தில் வேறு பெயரில் வந்து நிற்பார்கள். டோட்டா 2 என்ற டீம் கேம் தரவரிசை (ராங்க்) மேட்சுகளுக்கு 2017-இல் போன் நம்பரைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இந்தப் புதுக் கணக்குப் பிரச்சினையும் உண்டு.

தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், ஆனால் சின்னதாகத் தொடங்க வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் போட்டி மேட்சை விட்டுப் போனால் முதல் தடவை 30 நிமிடத்துக்கு அடுத்த மேட்ச் கிடையாது. மறுபடி செய்தால் 2 மணி நேரம், அப்புறம் 24 மணி நேரம், அப்புறம் 7 நாள். கொஞ்ச காலம் ஒழுங்காக ஆடினால் படி இறங்கிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் 30 நிமிடம். நெட் போனவருக்கு அது பெரிய இழப்பே இல்லை, அவர் எப்படியும் ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். தோற்கிற மேட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே அடுத்ததற்குத் தாவ நினைத்தவருக்குத்தான் அது வலிக்கும், ஏனென்றால் அவர் போனதே அந்த அடுத்த மேட்சுக்காகத்தான்.

டோட்டா 2-இல் தொடர்பு அறுந்தால் திரும்பி வர 5 நிமிடம் தருகிறார்கள். அதையும் தாண்டினால்தான் மேட்சைக் கைவிட்டதாகக் கணக்கு. ஒருவர் கைவிட்டது உறுதியானதும் மற்றவர்கள் தண்டனை இல்லாமல் கிளம்பிவிடலாம். அடிக்கடி கைவிடுகிறவர்கள் தனி வரிசைக்குப் போகிறார்கள், தங்களைப் போன்றவர்களோடு ஆடி, குறிப்பிட்ட எண்ணிக்கை மேட்சுகளை ஜெயித்தால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும். சும்மா நின்று நேரத்தைக் கடத்த முடியாது.

வேண்டுமென்றே போனவரையும் நெட் போனவரையும் எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வெளியேறும் பட்டனை அழுத்தினால் சர்வருக்குச் செய்தி வரும், அது சுலபம். கேபிளைப் பிடுங்கினால் செய்தி எதுவும் வராது, தகவல் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். கரண்ட் போனாலும் இதேதான் நடக்கும். ஒரே ஒரு மேட்சை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது, ஆனால் முப்பது மேட்சைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நிஜமாகவே நெட் மோசமான ஆளுக்கு ஜெயிக்கும்போதும் தொடர்பு அறும், தோற்கும்போதும் அறும். நெட்டுக்கு ஸ்கோர் தெரியாது அல்லவா? தோற்கும்போது மட்டும் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப நெட் போகிறது என்றால் அது நெட் இல்லை. ஆகவே ஒருவர் தொடர்பை இழக்கிற நொடியில் ஸ்கோர் என்ன என்பதைச் சேமித்து வையுங்கள், இதைவிட நியாயமான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

அந்தப் பெயர்ப் பட்டியல் வேண்டவே வேண்டாம். போன வாரத்து உங்கள் பெயரும் அதில் வந்திருக்கும், காரணம் யாருக்கும் தெரியாமல். உண்மையிலேயே வெறுப்போடு க்விட் செய்கிற ஆளுக்கோ அது இன்னொரு தரவரிசை, அதில் முதல் இடம் பிடிக்கப் பார்ப்பார். பட்டியலுக்குப் பதிலாக அவரவர் எண்ணை அவரவருக்கு மட்டும் காட்டுங்கள்: "கடைசி 30 மேட்சில் 4 தடவை பாதியில் போயிருக்கிறீர்கள்." பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் எண் தெரியாது. தான் இருபதில் ஒன்று என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆள் ஏழில் ஒன்றாக இருப்பார்.

ஆட்களைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் விதிகளையும் ஒரு தடவை பாருங்கள். 2016 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற இருவர் மோதும் சண்டை கேம் வந்தபோது அதில் பாதியில் போகிறவர்களுக்குத் தண்டனையே இல்லை. தோற்கப்போகிற நேரத்தில் தொடர்பைத் துண்டித்தால் தோல்வி கணக்கில் வராது, ஜெயித்துக்கொண்டிருந்தவருக்குச் சேர வேண்டிய புள்ளியும் போய்விடும். இதையே பழக்கமாக வைத்துக்கொண்டு சிலர் ராங்கில் ஏறினார்கள். கடைசியில் அதைச் செய்த கேப்காம் நிறுவனம் ஆட்டக்காரர்களிடம் வீடியோ ஆதாரம் கேட்டு, மிக மோசமானவர்களின் லீக் புள்ளிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டு அதில் நுழைந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை பாருங்கள். உங்கள் கேமில் ஒருவர் க்விட் செய்தால் அவர் கணக்கில் என்ன பதிவாகிறது? இருக்கிறவருக்குத் தோல்வி, போனவருக்கு ஒன்றுமில்லை என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயம். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு டீம் மேட்சிலிருந்து எழுந்து போயிருக்கிறேன், உங்களைப் போல வீட்டில் கூப்பிட்டு இல்லை, கோபத்தில். ஆரம்பத்திலேயே இரண்டு சண்டை தோற்றோம், எதிர் டீமின் கை ஓங்கிவிட்டது, டீமில் ஒருவர் எல்லோரையும் திட்டிக்கொண்டே இருந்தார், இன்னும் இருபது நிமிடம் இதே மாதிரிதான் போகும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அந்த இருபது நிமிடத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எழுந்துவிட்டேன். அன்று ராத்திரி ஞாபகத்தில் நின்றது அந்தத் திட்டிய ஆள் இல்லை, எதுவும் பேசாமல் தன் பக்கத்தைக் காத்துக்கொண்டிருந்த இன்னொருவர். அவருக்கு நான் செய்தது தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் ஒருவரை இருபது நிமிடம் பூட்டி வைக்கிற கேமும் தன் பங்குக்குத் தப்பு செய்கிறது.

செஸ்ஸைப் பாருங்கள். தோல்வி உறுதியானால் ரிசைன் செய்கிறார்கள், அதாவது தோற்றதை ஒத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கிறார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை, எதிராளிக்குச் செய்கிற மரியாதை அது. அதே ஆள் ஆன்லைனில் ரிசைன் செய்யாமல் கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டுக் காணாமல் போனால் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் அப்படிப் போனவரின் எதிராளி சற்று நேரம் காத்திருந்துவிட்டு வெற்றியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திரும்பத் திரும்ப இப்படிச் செய்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆடத் தடையும் விழும். இரண்டு பேருமே ஆட்டத்தை முடிக்காமல்தான் போகிறார்கள், ஆனால் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார்.

டீம் கேமில் சொல்லிவிட்டுப் போக வழி வேண்டும், அதுதான் சரண்டர் ஓட்டு: தோல்வியை ஒத்துக்கொண்டு முடித்துவிடலாமா என்று டீம் போடுகிற ஓட்டு. ஐந்துக்கு ஐந்து ஆடுகிற லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் 15 நிமிடத்தில் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால் சரண்டர் செய்யலாம், 20 நிமிடம் தாண்டினால் நான்கு பேர் போதும். ஆரம்பத்திலேயே ஒருவர் வராமல் போனால் மேட்சை ரத்து செய்யவும் ஓட்டுப் போடலாம். ஏஎஃப்கே ஆன, அதாவது ஆடாமல் எழுந்து போய்விட்ட, ஆளோடு மாட்டிக்கொண்டு தோற்றவர்களுக்குப் புள்ளி இழப்பும் குறைகிறது. இந்தக் கடைசி விஷயத்தை யோசித்துப் பாருங்கள், நாம் பேசும்போதெல்லாம் போனவரை என்ன செய்யலாம் என்றே பேசுகிறோம், உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு என்ன தரலாம் என்று உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இல்லை. அவர்களுக்குத் தோல்வியைப் பதியாதீர்கள், அல்லது பாதிப் புள்ளி மட்டும் கழியுங்கள். நாளைக்கு அவர்களும் க்விட் செய்யாமல் இருக்க அது ஒரு காரணமாவது தரும்.

தோற்கிற டீமுக்குச் செய்ய ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தொடர்ந்து ரவுண்டு தோற்றால் கேமுக்குள் கிடைக்கிற பணம் 1400-இல் தொடங்கி 3400 வரை ஏறிக்கொண்டே போகும், அடுத்த ரவுண்டில் நல்ல துப்பாக்கி வாங்கலாம், மறுபடி ஒரு வாய்ப்பு. உங்கள் கேமில் ஐந்தாவது நிமிடத்தில் பின்தங்கிய டீம் கடைசியில் ஜெயித்த மேட்ச் எத்தனை என்று எடுத்துப் பாருங்கள். அந்த எண் ரொம்பச் சின்னதாக இருந்தால் ஆட்கள் போவது பிடிவாதத்தாலோ வெறுப்பாலோ மட்டும் இல்லை, அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

போனவர் இடத்தில் பாட், அதாவது கணினியே ஆட்டுவிக்கிற ஆட்டக்காரர், போடலாமா என்றால், ராங்க் இல்லாத மேட்சுகளில் தாராளமாகப் போடலாம். ராக்கெட் லீக்கில் அப்படித்தான், ஒருவர் போனால் பாட் வந்து நிற்கும், பிறகு வேறு ஆள் வந்து சேர்வார். ராங்க் மேட்சில் அது எடுபடாது.

இன்னொன்று. குவேக் என்ற கேம் வந்த 1996 வாக்கில் ஆட்கள் சர்வர் பட்டியலைப் பார்த்து, வழக்கமாகப் போகிற சர்வருக்குள் போவார்கள், அங்கே பெரும்பாலும் தெரிந்த பெயர்களே இருக்கும். இன்று பாதியில் போனால் நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். 2004-இல் ஹேலோ 2 வந்தபோது கேமே ஆள் தேடிச் சேர்த்துவிடுகிற முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. வசதிதான், நானும் அதை விடமாட்டேன். ஆனால் அதோடு எல்லோரும் எல்லோருக்கும் ஒரே ஒரு தடவை பார்க்கிற ஆளாகிவிட்டார்கள். மேட்ச் முடிந்ததும் "இதே டீமோடு இன்னொரு ஆட்டம்" என்று ஒரு பட்டன் வையுங்கள். அழுத்துகிறவர்கள் கொஞ்சப் பேராக இருந்தாலும் பரவாயில்லை, சின்ன கேமில் அதே பெயர்கள் சீக்கிரமே திரும்ப வர ஆரம்பிக்கும், உங்களைப் போன்ற சிறிய டீமுக்கு இது பெரிய கேம்களிடம் இல்லாத வசதி.

உங்கள் 25 நிமிடத்தைப் பற்றி: மேட்சுக்கு ஆள் சேரக் காத்திருக்கிற லாபியிலேயே "ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும்" என்று பெரிதாக எழுதுங்கள், பதினைந்து நிமிடம் மட்டும் இருக்கிற ஆள் உள்ளே வரவே கூடாது. அவருக்கென்று 10 நிமிட ஆட்டம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தொடர்பு அறுந்தவர் கேமைத் திரும்பத் திறந்தால் மெனுவைக் காட்டாமல் நேராக மேட்சுக்குள் விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஸ்கோரைச் சேமிப்பதையும் சரண்டர் ஓட்டெடுப்பையும் முதலில் செய்யுங்கள். ஒரு மாதம் போகட்டும், பாதியில் போனவர்களில் எத்தனை பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள், எத்தனை பேர் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். வாழ்நாள் பேன் பற்றி உங்கள் நண்பரோடு அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.