கடல் ஓரிரு டிகிரி சூடானால் மீன் ஆழத்துக்குப் போய்விடாதா, ஏன் சாகிறது?

கடல் வெப்ப அலை வந்தால் நீந்தத் தெரிந்தவை போகும். சூரையும் சுறாவும் இடம் மாறிவிடும். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் சூடு மட்டுமே நேராகக் கொல்வதில்லை. பலவும் பட்டினியில் சாகின்றன.

பெரும்பாலான மீன்களுக்கும் நண்டுக்கும் நீரின் சூடுதான் உடம்பின் சூடு. நீர் 10 டிகிரி ஏறினால் உடல் எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 3 டிகிரிக்கே தீனித் தேவை சுமார் கால் பங்கு கூடும். அந்த நேரம் பார்த்து வரத்தும் குறைகிறது. மேல்நீர் சூடாகி இலேசானதும் அடிநீரோடு கலக்காது, சத்து மேலே வராது, மிதவைப் பாசி குறையும். கொழுப்பு நிறைந்த குளிர்நீர் மிதவை உயிர்கள் போய், மெலிந்த சின்ன இனங்கள் வந்து நிற்கும். கரைந்த ஆக்சிஜனும் குறைவு.

2014–16 பசிபிக் வெப்ப அலையில் சூடு நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழத்துக்கு ஓடிய காட் என்ற குளிர்நீர் மீனுக்கும் தப்பிக்க வழியில்லை. அலாஸ்கா வளைகுடாவில் காட் பிடிப்பை 2020இல் மூட வேண்டியதாயிற்று. மர் என்ற கடற்பறவை தினமும் தன் எடையில் பாதிக்கு மீன் தின்றாக வேண்டும், சில நாள் இரை கிடைக்காவிட்டால் போச்சு. கரை ஒதுங்கியவை மட்டும் சுமார் 62,000. அலாஸ்காவில் ஏறத்தாழ 40 லட்சம் செத்ததாக 2024இல் வந்த ஆய்வு சொல்கிறது.

பவளம் ஓடவே முடியாது. கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாக நாலு வாரம் நின்றால், அல்லது 2 டிகிரி இரண்டு வாரம் நின்றால், வெளுக்கத் தொடங்கும். டிகிரியை வாரத்தால் பெருக்கும் இந்தக் கணக்கு எட்டைத் தொட்டால் பரவலாகச் சாகும். வெளுத்ததெல்லாம் செத்ததல்ல: சதைக்குள் வாழும் பாசி வெளியேறியதால் சதை கண்ணாடியாகி எலும்பு தெரிகிறது, அவ்வளவுதான். பாலிப் என்ற அந்தச் சின்னப் பவள உயிர் உயிரோடு இருக்கும், சூடு சீக்கிரம் இறங்கினால் மீளும்.

"ஒரு வாரச் சூட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: அந்த இடத்தின், அந்தப் பருவத்தின் 30 வருடப் பதிவில் மேல் 10 சதவீதத்துக்குள் வரும் சூடு தொடர்ந்து 5 நாளாவது நின்றால்தான் வெப்ப அலை என்ற பெயரே. பெரியவை மாதக்கணக்கில் நிற்கும்.

எரிச்சலூட்டுவது வேறு. எல்லாரும் பகிரும் செயற்கைக்கோள் படம் கடலின் மேல்தோலை மட்டுமே காட்டும். அலாஸ்காவுக்கு மேற்கே உள்ள பெரிங் கடலில் 2018–19 சூட்டில் சுமார் 1,000 கோடி பனி நண்டுகள் காணாமல் போயின. அவை வாழ்வது அடித்தரையில். அங்கே கப்பல் போய் இழுவலை இறக்கித்தான் எண்ண வேண்டும். 2020இல் கொரோனாவால் கப்பல் போகவில்லை, சரிவு முழுதாகத் தெரிய 2021 ஆகிவிட்டது.