பிளஸ் டூ படித்தவர்கள் தேவை

"எங்கள் ஊரில் ஒரு சிறிய தொண்டு அமைப்பு இருக்கிறது. விடுமுறை நாட்களில் உதவிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். இதனால் எனக்கு என்ன நன்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. எனக்குக் கிடைத்தது என்ன என்று சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 1890-லேயே ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கிய ஊர் இது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இங்கே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் இங்கேயே கல்லூரியிலும் சேர்ந்துவிடுவார்கள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். ஆனால் அவர்கள் பரீட்சை எப்படி எழுதுவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் அவர்கள் படிக்கலாம், போனில் பாடத்தைக் கேட்கலாம். ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பிரெயில் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வினாத்தாளை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுத வேண்டும். அரசு அறிவிப்புகளில் 'சொல்வதை எழுதுபவர்' என்று போடுவார்கள். எங்களுக்குள் ஸ்கிரைப் என்றுதான் பேச்சு. பள்ளிப் பொதுத்தேர்வு என்றால் தேர்வுத்துறையே ஆசிரியர்களை நியமித்துவிடும். கல்லூரிக்கு வந்ததும் பல பிள்ளைகள் தாங்களேதான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு பேப்பர், வருஷத்துக்கு இரண்டு முறை. எத்தனை பேரிடம்தான் போய்க் கேட்பார்கள்?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இதற்காக ஒரு சிறு குழு நடத்திவந்தார். முப்பது பேர் இருக்கும். ஆபீஸ், போர்டு எதுவும் கிடையாது. அவருடைய போனும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். ஒரு நவம்பர் மாதம் என்னைக் கூப்பிட்டார். நான் தயங்கினேன். "நான் பிளஸ் டூ வரைக்கும்தான் டீச்சர் படிச்சிருக்கேன்" என்றேன்.

"அதுதாம்மா வேணும். டிகிரி முடிச்சவங்க நெறைய பேரு வாராங்க. அவங்கள பி.ஏ. பிள்ளைகளுக்கு எழுத வைக்க முடியாதுல்லா" என்றார்.

விதி அப்படி. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாணவர் தானே அழைத்துவரும் ஸ்கிரைபின் படிப்பு அவர் எழுதும் தேர்வுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். பதிலை ஸ்கிரைபே சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பதினெட்டு வயதில் கல்யாணமாகி, 'மேலே படிக்கவில்லையே' என்ற குறையைப் பத்து வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தவள் நான். அந்த பிளஸ் டூ சர்டிபிகேட்டையே தகுதி என்று கேட்டு வாங்கிய முதல் இடம் அதுதான். வீட்டுக்கு வந்து பீரோவில் அதைத் தேடி எடுத்தபோது கை நடுங்கியது. எனக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

முதல் பரீட்சைக்கு முன்னால் டீச்சர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். வினாத்தாளை முதலில் முழுசாக, மதிப்பெண்ணோடு வாசிக்க வேண்டும். பிறகு பரீட்சை எழுதும் பிள்ளைகள் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் எத்தனை முறை கேட்டாலும் திரும்ப வாசிக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எழுத்தில் சந்தேகம் வந்தால் அவர்களே சொல்வார்கள்: சின்ன ர, பெரிய ற, ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. பேசும்போது பாதிப் பேர் வாயில் 'ழ' வராத ஊரில் இது பெரிய விஷயம். தமிழ்ப் பேப்பர் எழுதும்போது ஒரு பெண் "சிறப்பு ழ போடுங்கக்கா" என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லுவாள். மூணு மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் நேரம் உண்டு. நாலு மணி நேரம் எழுதி முடித்தால் விரல் மடங்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் பி.ஏ. வரலாறு படிக்கும் ஒரு தம்பிக்கு எழுதினேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றிப் பத்து மார்க் கேள்வி. ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோனதை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், வருஷத்தை 1931 என்று சொன்னான். அது 1930. முந்தின வாரம்தான் இன்னொரு பிள்ளைக்கு அதே பாடத்தை வாசித்துக் காட்டியிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கை நின்றுவிட்டது.

அவன் சட்டென்று தலையைத் திருப்பினான். கொஞ்சம் யோசித்து, "1930-னு போடுங்கக்கா. 1931 காந்தி-இர்வின் ஒப்பந்தம்" என்றான்.

பேனா நின்ற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவன் படிச்சு வாங்குற மார்க்கு அவனுக்கே சொந்தமா இருக்கணும்மா. நம்ம பேனா நிக்கவும் கூடாது, வேகமா போகவும் கூடாது" என்றார். அன்றிலிருந்து, தப்பு என்று தெரிந்தாலும் ஒரே சீராக எழுதப் பழகினேன். உதவி என்றால் முடிந்ததையெல்லாம் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது அந்த நாற்காலியில்தான்.

அது வீட்டுக்கும் வந்தது. பக்கவாதம் வந்த பிறகு என் அப்பா ஒரு வாக்கியம் பேசி முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் பாதியிலேயே முடித்துவைத்துவிடுவோம். "காப்பிதானேப்பா, ஃபேன் போடணுமாப்பா" என்று. நாலைந்து மாதம் ஸ்கிரைபாக இருந்த பிறகு நான் காத்திருக்கத் தொடங்கினேன். ஒருநாள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தான் சிறுவயதில் தாமிரபரணியில் வெள்ளம் பார்த்த கதையை அப்பா சொல்லி முடித்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. அவரிடம் அவ்வளவு பேச்சு மிச்சம் இருந்தது எங்கள் யாருக்குமே தெரியாது. அப்பா இப்போது இல்லை. அந்தக் குழுவில் சேர்ந்திராவிட்டால் அந்தக் கதையை நான் கேட்டிருக்க மாட்டேன்.

மற்ற நன்மைகளும் உண்டு. ஊரில் எந்தப் பக்கம் போனாலும் குரலை வைத்தே அடையாளம் கண்டு "அக்கா" என்று கூப்பிடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சில் தயக்கம் போய்விட்டது. சில இடங்களில் சிறிய தொகையும் தருவார்கள், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பரீட்சையன்று காலையில் போனை எடுக்கவில்லை. அந்தப் பெண் ஹால் வாசலில் காத்திருந்தாள். பத்து மணிக்குள் வேறு ஆள் கிடைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேப்பர் போயிற்று. ஆர்வத்தில் நாலு நாள் ஒப்புக்கொள்வதைவிட, ஒரே ஒரு நாள் ஒப்புக்கொண்டு அந்த நாள் நேரத்துக்குப் போய் நிற்பது மேல். எந்தத் தொண்டு அமைப்பாக இருந்தாலும் இதில் மாற்றம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இத்தனை பிள்ளைகளுக்கு வரலாறும் அரசியல் அறிவியலும் எழுதி எழுதி எனக்கே ஆசை வந்துவிட்டது. தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன், இப்போது கடைசி வருஷம். முடித்துவிட்டால் பி.ஏ. பிள்ளைகளுக்கு எழுத முடியாது. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் எம்.ஏ. பிள்ளைகளுக்கு எழுதலாம், அங்கேயும் ஆள் இல்லாமல்தான் தவிக்கிறார்கள். டீச்சர் இப்போதே என் பெயரை அந்தப் பட்டியலுக்கு மாற்றி எழுதிவைத்துவிட்டார்.

உங்கள் ஊர் அமைப்பு என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. நேரில் போய், 'உங்களுக்கு எந்த மாதிரி ஆள் கிடைக்காமல் இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கு உதவும் அமைப்பு என்றால் இந்த வாரமே போங்கள். ஏப்ரல் செமஸ்டருக்கு இப்போதே ஆள் தேட ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.