டிஸ்க்கை எழுதும் உரிமையோடு பகிரலாமா? இசட்விஎம் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் எந்திரங்களை இயக்கும் அமைப்பு) கேள்வி பதில்

கேள்வி: ஒரே மினிடிஸ்க்கை (டிஸ்க்கில் பிரித்துக் கொடுத்த ஒரு பகுதி), சிஎம்எஸ் இயங்குதளத்தில் வேலை செய்யும் இரண்டு பயனர்கள் எம்டபிள்யூ முறையில் லிங்க் செய்து எங்கள் எந்திரங்களோடு இணைத்துக்கொண்டோம். பிழைச் செய்தியே வரவில்லை. மறுநாள் கோப்புகள் சிதைந்திருந்தன. இசட்விஎம்மின் மையக் கட்டுப்பாட்டு நிரலான சிபி ஏன் தடுக்கவில்லை, ஐயா?

பதில்: தடுக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எம்டபிள்யூ என்றால், வேறு யார் எழுதிக்கொண்டிருந்தாலும் எனக்கும் எழுதும் உரிமை வேண்டும் என்று பொருள். சிபி கொடுத்துவிடும்; உள்ளே என்ன எழுதப்படுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. சிஎம்எஸ்ஸோ, அக்சஸ் கட்டளையால் டிஸ்க்கைத் திறந்தவுடன் கோப்புப் பட்டியலைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. முதல் பயனர் புதிய கோப்பை எழுதியது இரண்டாமவருக்குத் தெரியாது. காலி என்று தன் பழைய பட்டியல் காட்டும் அதே பிளாக்குகளில் அவரும் எழுதி, தன் பட்டியலையும் அதன்மேல் பதித்துவிடுவார். சேதம் நடக்கும்போது இருவருக்குமே தெரியாது, கொடுமையே அதுதான்.

சிஎம்எஸ் டிஸ்க்குக்கு டைரக்டரியில் (பயனர்களின் டிஸ்க், உரிமை விவரங்கள் உள்ள கோப்பு) எம்ஆர் முறை என்றே எழுதுங்கள். முதலில் வருபவருக்கு எழுதும் உரிமை, அடுத்து வருபவருக்குப் படிக்கும் உரிமை மட்டும். பலரும் எழுதியே ஆக வேண்டுமென்றால் எஸ்எஃப்எஸ் என்ற பகிர்வுக் கோப்பு முறைமைக்கு மாறுங்கள். அங்கே கோப்பு அளவில் பூட்டு உண்டு.

கேள்வி: நான் படிக்கும் உரிமை மட்டும் தரும் ஆர்ஆர் முறையில் லிங்க் செய்து, படிக்க மட்டுமே செய்கிறேன். எனக்கும் ஆபத்தா?

பதில்: உங்களால் டிஸ்க்குக்கு ஆபத்தில்லை, நீங்கள் படிப்பதுதான் பிழையாகலாம். உரிமையாளர் மாற்றியபின் உங்கள் பட்டியல் பழையது. மீண்டும் அக்சஸ் செய்யுங்கள். வேலை முடியும்வரை யாரும் எழுதக் கூடாது என்றால் எஸ்ஆர் முறை இருக்கிறது. அதற்கு டைரக்டரியில் லிங்க்ஸ்டேபிள் அனுமதி வேண்டும்.

கேள்வி: இசட்விஎம்மின் கீழ் இசட்ஓஎஸ் இயங்குதளத்தை ஓட்டும் இரண்டு மெய்நிகர் எந்திரங்கள், அதாவது விருந்தினர்கள், எழுதிப் பகிர்கிறார்களே?

பதில்: அவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். டிஸ்க்கைத் தற்காலிகமாகத் தமக்கென ஒதுக்கும் ரிசர்வ், விடுவிக்கும் ரிலீஸ் கட்டளைகளால் முறை வைத்து எழுதுவார்கள். மினிடிஸ்க்கில் அது நடக்க, டைரக்டரியில் அதை வரையறுக்கும் எம்டிஸ்க் வரியில் லிங்க் முறையோடு வி எழுத்தையும் சேர்த்து எம்டபிள்யூவி என்று குறிக்க வேண்டும். வி விடுபட்டால் காப்பு இல்லை.

கேள்வி: அப்படியானால் லினக்ஸுக்கும் வி போதுமா?

பதில்: போதாது. லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் டிஸ்க் தமக்கு மட்டுமே உரியது என்று நம்பி எழுதப்பட்டவை. ரிசர்வ் கேட்டு முறை வைப்பதில்லை. படிக்க மட்டும் பகிர்வதென்றால், எழுதிய எந்திரம் முறையாக அன்மவுண்ட் செய்தபின் எல்லோரும் படிக்கும் உரிமையோடு மட்டும் மவுண்ட் செய்யட்டும். எல்லோரும் எழுத வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமை தேவை.

கேள்வி: டிஸ்க் இரண்டு எல்பார்களுக்கு (மெயின்ஃப்ரேமைப் பிரித்த தனிப் பகுதிகள்) பொதுவானது. எம்ஆர் காப்பாற்றுமா?

பதில்: தனித்தனி இசட்விஎம் என்றால் காப்பாற்றாது. ஒரு சிபிக்கு மற்ற சிபியின் லிங்க் தெரியாது. இரு பக்கமும் எழுதும் உரிமை கிடைத்துவிடும். 2011இல் 6.2 பதிப்போடு வந்த எஸ்எஸ்ஐ கிளஸ்டரில் (பல இசட்விஎம்களை ஒன்றாக இணைக்கும் தொகுப்பு) சேர்த்தால், உறுப்பு அமைப்புகள் லிங்க்குகளை ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்ளும். படித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் மினிடிஸ்க் கேஷையும் மறக்காதீர்கள். பக்கத்து எல்பார் எழுதியதை அது அறியாது, பழைய தரவையே கொடுக்கும். அந்தச் சாதனம் பகிரப்பட்டது என்று சிபிக்கு அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: இப்போது யார் யார் லிங்க் செய்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் எந்திரத்தில் அந்த டிஸ்க்குக்கு உள்ள மெய்நிகர் முகவரியோடு குவெரி லிங்க்ஸ் கட்டளை கொடுங்கள். ஃபார்மேட் செய்யும் முன் கட்டாயம் கொடுங்கள்.