ஆக்சிமீட்டர் 94 காட்டினாலும் காத்திருக்க வேண்டாம்

உட்கார்ந்திருக்கும்போதே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கருவியான ஆக்சிமீட்டரோ 94 விழுக்காடு காட்டுகிறது, நாளை வரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச முடியாமல் திணறினாலோ 108ஐ அழையுங்கள்.

அப்பா நல்ல கருப்பு என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். அந்தக் கருவி தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கிறது; கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, கறுப்பினத்தவரிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடுதான். தோலின் நிறத்தால் சிகிச்சை தள்ளிப்போவதை நினைத்தாலே கோபம் வருகிறது.

தமனி ரத்தத்தை எடுத்து ஆக்சிஜனின் உண்மையான அளவைப் பார்க்கும் வாயுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.