பிள்ளைகளுக்கு மின்சாரத்தைப் பயமும் இல்லாமல், ஆபத்தும் இல்லாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பதினோரு வயது மகன் பழைய பொம்மைகளைப் பிரித்து மோட்டாரையும் ஒயரையும் எடுத்து வைத்துக்கொள்கிறான். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். ஊக்கப்படுத்த ஆசை, ஆனால் என்றைக்காவது சாக்கெட்டில் கை வைத்துவிடுவானோ என்று பயம். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பயம் நியாயமானது. ஏன் என்று சொல்ல, என் சின்ன வயசுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பத்து வயதில் செல், டார்ச் பல்பு, ஒயர் வைத்து விளக்கு எரியவைக்க எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் செல் தீர்ந்துபோனது. சுவரில்தான் கரண்ட் இருக்கிறதே என்று அதே பல்பின் இரண்டு ஒயரையும் சாக்கெட்டில் செருகி ஸ்விட்சைத் தட்டினேன். பல்பு வெடித்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று புருவத்துக்கு மேலே குத்தியது. ஒரு விரல் அளவு கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். நன்றாக அடி விழுந்தது. "இனிமே கரண்ட் பக்கமே போகாதே" என்றார்கள். அது ஏன் வெடித்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. 2.5 வோல்ட்டுக்குச் செய்த பல்புக்கு 230 வோல்ட் கொடுத்திருக்கிறேன், தொண்ணூறு மடங்குக்கும் மேல், என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அதனால் நான் உறுதியாக நம்புவது இது: மின்சாரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளையைவிட, பேட்டரியில் கொஞ்சம் கை பழகிய பிள்ளைக்குத்தான் சாக்கெட் அதிக ஆபத்து. கைக்குத் தைரியம் வந்திருக்கும், அளவு தெரிந்திருக்காது. "தொடாதே" என்று மட்டும் சொன்னால் அளவு எப்போதும் தெரியாது. பேட்டரியைத் தாராளமாகக் கையில் கொடுங்கள், சாக்கெட் ஏன் வேறு விஷயம் என்பதை அதே வாரத்தில் எண்ணாகக் காட்டுங்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

தொடங்குவதற்குக் கிட் எல்லாம் வேண்டாம். என் அக்கா மகளுக்கு நான் கொடுத்தது ஒரு பென்சில் செல், இழை உள்ள பழைய வகை டார்ச் பல்பு ஒன்று, இரண்டு முனையும் தோல் உரித்த ஒரே ஒரு ஒயர். "இதை எரிய வை" என்று மட்டும் சொன்னேன். செல்லின் தலையில் ஒயரை வைத்து, மறுமுனையைப் பல்பின் அடியில் தொட்டாள். எரியவில்லை. ஒயரைத் திருப்பினாள், செல்லைத் திருப்பினாள். "மாமா, இந்த பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சு" என்றாள். பெரியவர்களிடம் கொடுத்தாலும் முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஏதோ செல்லிலிருந்து புறப்பட்டு பல்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று நம் மனசு நினைக்கிறது.

நான் பதில் சொல்லவில்லை, ஒரு லென்ஸை மட்டும் கொடுத்தேன். உள்ளே இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று பல்பின் அடிப்புள்ளிக்கும் இன்னொன்று பக்கத்து உலோகச் சுற்றுக்கும் போவதை அவளே பார்த்தாள். அப்புறம் பல்பின் அடியைச் செல்லின் தலைமேல் உட்கார வைத்து, ஒயரைச் செல்லின் அடியிலிருந்து சுற்றிக் கொண்டுவந்து பல்பின் பக்கத்தில் தொட்டாள். மங்கலாக எரிந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். 'மின்சாரம் போனால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும்' என்று நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் அது இந்த அளவுக்குப் பதிந்திருக்காது. பின்னால் ஷாக் எப்படி அடிக்கிறது என்று பேசும்போது இந்த ஒரு விஷயம்தான் கைகொடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

மின்சாரத்தைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், ஒயரை வெட்டினால் எதுவும் கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். சைக்கிள் செயின் இன்னும் பொருத்தம் என்பேன். பெடலை மிதித்த கணமே பின் சக்கரம் சுற்றும், ஆனால் செயினின் ஒவ்வொரு கண்ணியும் மெதுவாகத்தான் நகரும். கம்பிக்குள் எலக்ட்ரான்களும் அப்படித்தான், சாதாரணமாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. செயின் ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் நிற்பது போல, சர்க்யூட் ஓரிடத்தில் விட்டுப்போனால் மொத்தமும் நிற்கும்.

அடுத்தது எல்இடி. நீளக் கால் பாசிட்டிவ் பக்கம், மாற்றி வைத்தால் எரியாது. 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக மாட்டினால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து செத்துப்போகும். ஒரு எல்இடியை வேண்டுமென்றே, கொஞ்சம் எட்ட நின்று, அப்படிப் பலி கொடுங்கள். பிறகு கரண்ட்டைத் தடுத்துக் குறைக்கும் சின்னப் பாகமான ரெசிஸ்டர், 470 ஓம் (ஓம் என்பது தடுப்பின் அளவு) உள்ளது ஒன்றை நடுவில் போட்டு இன்னொன்றை எரிய வையுங்கள். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட். அதை 470ஆல் வகுத்தால் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லி ஆம்பியர். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் என்ற இந்த ஓம் விதியைக் கரும்பலகையில் படிப்பதற்கும், ஒரு எல்இடி செத்துப்போன பிறகு அடுத்ததைக் காப்பாற்றுவதற்காகப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த 15 மில்லி ஆம்பியரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

ஒரு திசைகாட்டி இருந்தால், அதன் மேலே ஒயரை ஊசியின் திசையிலேயே வைத்து ஒரு கணம் செல்லில் தொட்டுக் காட்டுங்கள், ஊசி துள்ளித் திரும்பும். 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கவனித்தது இதைத்தான். உங்கள் மகன் சேர்த்து வைத்திருக்கும் மோட்டார்கள் எல்லாம் அந்தத் துள்ளலிலிருந்து வந்தவை. ஒயர் சூடாகும், சட்டென்று எடுத்துவிட வேண்டும். ஏன் சூடாகிறது என்று கேட்டால், ஷார்ட் சர்க்யூட் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதை ஓம் அளவையில் வைத்து, இரண்டு முனைகளையும் பிள்ளை தன் இரண்டு கைவிரல்களால் பிடித்துக்கொள்ளட்டும். அக்கா மகளுக்குக் காய்ந்த கையில் எட்டு லட்சம் ஓம் காட்டியது. விரலைத் தண்ணீரில் நனைத்தபோது ஒன்றரை லட்சம். உப்புத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிடித்தபோது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே' என்று வீட்டில் தினமும் கேட்கும் வாக்கியத்துக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது.

உடனே ஒரு கேள்வி வந்தது. "அப்போ கை காய்ஞ்சிருந்தா தொடலாமா மாமா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். வராவிட்டால் நீங்களே எழுப்புங்கள், ஏனென்றால் பாதி கற்றுக்கொண்ட பாடம் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். மீட்டர் நம் உடம்பில் செலுத்தும் வோல்ட்டேஜ் மிகவும் கொஞ்சம். அதற்குத் தோல் ஒரு தடுப்புச் சுவர். வீட்டு மின்சாரம் பல நாடுகளில் 220 முதல் 240 வோல்ட், சில நாடுகளில் 110, 120. அந்த அழுத்தத்தில் தோல் தாக்குப்பிடிக்காது. தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ரத்தமும் உப்பு நீரும்தான், கணக்குக்கு 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை 1000ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

இது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். 10ஐத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட நினைத்தாலும் விட முடியாது. மார்பு வழியாக 50, 100 என்று ஓடினால் இதயத்தின் துடிப்பே குலைந்துபோகலாம். அதாவது அந்தச் சின்னச் சிவப்பு எல்இடியை எரிய வைத்த 15 மில்லி ஆம்பியரே ஒரு மனிதனின் கையை ஒயரோடு பூட்டிவிடப் போதும். இதைச் சொன்னபோது அவள் மேசையில் எரிந்துகொண்டிருந்த எல்இடியைப் பார்த்தாள். வேறு எந்த எச்சரிக்கையும் எனக்குத் தேவைப்படவில்லை.

இதே கணக்குதான் பேட்டரி ஏன் பரவாயில்லை என்பதையும் காட்டுகிறது. நனைந்த கையின் ஐம்பதாயிரம் ஓமில் 9 வோல்ட்டைப் போட்டால் 0.18 மில்லி ஆம்பியர்தான், தெரியக்கூடத் தெரியாது. பிள்ளையே வகுத்துப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: மல்டிமீட்டர் முனையைச் சாக்கெட்டில் செருகக் கூடாது.

வீட்டில் உள்ள பாதுகாப்புச் சாதனங்களை இதற்குப் பிறகு காட்டினால் சட்டென்று புரியும். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச். அது காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, அது விழாது. ஆளுக்காக இருப்பது ஆர்சிசிபி. போகும் கரண்ட்டையும் திரும்பி வரும் கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், வீட்டில் வைப்பது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே விழுந்துவிடும். வித்தியாசம் எங்கே போயிருக்கும்? யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒருவர் ஃபேஸையும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலையும் (அது திரும்பிப் போகும் ஒயர்) சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும், ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. 'போய்த் திரும்பி வர வழி வேண்டும்' என்று முதல் நாள் கற்றதை வைத்து இதை அவளே சொன்னாள். உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால், கிட் வாங்கும் முன்னால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள். இருந்தால், அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை உங்கள் முன்னிலையில் மகனே அழுத்தட்டும்.

பொம்மை பிரிக்கும் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரியில் ஓடும் பொம்மை, ரேடியோ, ரிமோட் எல்லாம் செல்லைக் கழற்றிவிட்டுப் பிரிக்கலாம். சுவரில் செருகும் எதையும் அவனாகப் பிரிக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் கூடாது. மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். பழைய கேமரா ஃபிளாஷுக்குள் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். 'ஆஃப் செய்தாச்சு' என்பதும் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்பதும் ஒன்றல்ல. உப்பிய போன் பேட்டரியைக் குத்துவது, வளைப்பது அறவே கூடாது, தீப்பிடிக்கும். வீட்டில் சின்னத் தம்பி, தங்கை இருந்தால் பட்டன் செல்லைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான், காத்திருந்து பார்க்கவே கூடாது.

சால்டரிங், அதாவது உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது, அவசரமில்லை. ஒட்டாமல் துளைகளில் செருகியே இணைக்கும் பிரெட்போர்டிலேயே ஒரு வருடம் தாராளமாக ஓட்டலாம். தொடங்கும்போது கண்ணாடி போடுவது, காற்றோட்டம், ஈயம் கலந்த சால்டர் என்றால் வேலை முடிந்ததும் கை கழுவுவது, இவை போதும்.

கடைசியாக, யாருக்காவது ஷாக் அடித்தால் என்ன செய்வது என்பதைப் பேசுவதோடு நிறுத்தாமல் நடித்துப் பாருங்கள். நான் தரையில் படுத்துக்கொண்டு, ஒரு கயிற்றை ஒயராகக் கையில் சுற்றிக்கொண்டேன். முதல் தடவை அவள் ஓடிவந்து என் கையைத்தான் பிடித்து இழுத்தாள். பாசம் உள்ள எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், இரண்டாவது ஆளும் மாட்டிக்கொள்வது அப்படித்தான். ஆளைத் தொடாதே, முதலில் மின்சாரத்தை நிறுத்து, பெரியவர்களைக் கத்திக் கூப்பிடு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். வெளியே அறுந்து கிடக்கும் மின்கம்பி என்றால் இதில் எதுவும் பொருந்தாது, கிட்டேயே போகாமல் தூரத்திலிருந்து ஆள் கூப்பிடுவது மட்டும்தான்.

இரண்டாவது தடவை மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தேடி அலைந்தாள். அது அவளுக்கு எட்டவில்லை, கீழே ஒரு ஸ்டூல் போட்டு வைத்தோம். மூன்றாவது தடவை நான் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று எண்ணும்போது ஃபேன் சத்தம் நின்றது.