நாற்று நடுவது ஒரு படிப்பா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதலாண்டு படிக்கிறாள். சனிக்கிழமை தோறும் ஆற்றங்கரையில் பெரெம்பாங் என்ற சதுப்புநில மரத்தின் நாற்று நட்டுவிட்டுச் சேறும் சகதியுமாக வருகிறாள். செம்பனைத் தோட்டத்தில் நான் படும் பாடு போதாதா? இதற்கா கட்டணம் கட்டுகிறேன்?
– ஒரு தாயார், கோலசிலாங்கூர், மலேசியா

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் அது படிப்பே அல்ல. அதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் மகளின் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

உங்கள் ஊர் மின்மினி பெரெம்பாங் மரத்தில் கண்சிமிட்டுகிறது. படகில் வரும் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அதை மட்டும்தான். அதன் புழுப் பருவமோ கரையோர ஈரமண்ணில், நிப்பா என்ற நீரோரப் பனை போன்றவற்றின் நிழலில், சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. அப்படியானால் புதரை வெட்டி மரம் மட்டும் நட்டால் மின்மினி பெருகுமா? ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. கரையைச் சம துண்டுகளாகப் பிரித்து, எதில் நடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவேண்டும். நடக்க வசதியான இடமாகப் பார்த்து நட்டால் கணக்கு கோணும். பிறகு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து நத்தைகளை எண்ணவேண்டும். ஆற்றுநீரின் உப்பையும் அளக்கவேண்டும். தொடாத துண்டில் எண்ணுவதென்றால் மாணவர்களுக்குச் சலிப்பு. ஒப்பிட அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தோட்டவேலை.

“எந்தத் துண்டைத் தொடாமல் விட்டீர்கள்?” என்று மகளிடம் கேளுங்கள். விழித்தாள் என்றால் விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதுங்கள்; நானும் கையெழுத்துப் போடுகிறேன்.