நேபாள இசைக்கருவிகள் வாங்குவோருக்கு: கேள்வி-பதில்

கேள்வி: காத்மாண்டு போகிறோம். தமேல் கடைத்தெருவில், வில்லால் இழுத்து வாசிக்கும் சாரங்கி என்ற தந்தி வாத்தியம் எங்கு பார்த்தாலும் தொங்குமாமே. வாசிக்கத் தகுந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

தொங்குவதில் பெரும்பாலானவை சுவரில் மாட்டத்தான் லாயக்கு. சித்திர வேலை கூடக் கூட அந்தச் சந்தேகமும் கூடட்டும்.

நல்ல நேபாள சாரங்கி ஒரே மரக்கட்டையில் குடைந்தது. கிர்ரோ என்ற இலேசான மரம் இதற்குப் பேர்போனது. உடலில் இரண்டு குழிவுகள் இருக்கும்; மேலது திறந்திருக்கும், கீழதன்மேல் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும், அதன்மேல் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை, நிற்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டின கோடோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். அளவுக்குக் கனமாக, கைக்குச் சில்லென்று இருந்தால் மரம் சரியாகக் காயவில்லை. வீட்டுக்கு வந்தபின் வெடிக்கும்.

அடுத்தது பிருடை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை. நான்கு தந்தியையும் கடைக்காரரையே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். நடு இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் வேறு எதையாவது பார்த்துவிட்டு வந்து மீட்டிப் பாருங்கள். இறங்கியிருந்தால் பிருடையும் துளையும் பொருந்தவில்லை. கொஞ்சம் வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவிச் சமாளிக்கலாம், ஆடினால் முடியாது. கடைசியாகத் தோலை விரலால் தட்டுங்கள். டப்பென்று அமுங்கிப்போனால் தோல் தளர்ந்திருக்கிறது. விளிம்பில் ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொக்காராவுக்கும் போவதானால் பட்டுலேசௌர் பக்கம் விசாரியுங்கள். தலைமுறையாகச் சாரங்கி வாசிக்கும் கந்தர்வர் என்ற சமூகத்தார் வாழும் ஊர் அது. வாசிப்பவர் கையால் வாங்கினால் பாதிச் சோதனை மிச்சம்.

கேள்வி: புதுச் சாரங்கி. வில்லை எவ்வளவு இழுத்தாலும் சத்தமே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். புது வில்லின் இழை வழவழவென்றிருக்கும், தந்தியைப் பிடிக்காது. வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் ஒரு கட்டி வாங்கி, முதல் தடவை ஐந்து நிமிடமாவது அடியிலிருந்து நுனிவரை தேயுங்கள். ரோசின் பளபளப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். வில்லில் குதிரைமுடிக்குப் பதில் நைலான் கட்டியிருந்தால் இன்னும் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதில் தந்தியை விரல் நுனியால் அழுத்துவதில்லை. நகத்தைப் பக்கவாட்டில் தொடவைக்க வேண்டும். வயலின் பழக்கத்தில் அழுத்தினால் கீச்சொலிதான் வரும்.

கேள்வி: இணையத்தில் 'சாரங்கி' என்று தேடினால் முப்பதுக்கும் மேற்பட்ட தந்தியுள்ளதைக் காட்டுகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது இந்துஸ்தானி சாரங்கி. மூன்று முக்கியத் தந்திகளும், கூடவே அதிரும் ஏராளமான பக்கத் தந்திகளும் அதில் உண்டு. நேபாளத்தினுடையதில் நான்கே தந்தி, பக்கத் தந்தி கிடையாது. ஆர்டர் போடுமுன் படத்தில் பிருடைகளை எண்ணிவிடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த மாதல் (இரண்டு முகமுள்ள நேபாள மேளம்) சென்னை மழைக்காலத்தில் மந்தமாகிவிட்டது. வெயிலில் வைக்கலாமா?

வேண்டாம். மாதலின் இரண்டு முகத்திலும் கரணை, அதாவது தோலின் நடுவில் பூசிய கறுப்பு வட்டம், உண்டு. வெயிலில் வைத்தால் அது வெடித்து உதிரும். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் உலர விடுங்கள். பிறகும் மந்தமாக இருந்தால் முகத்தோலை இழுத்துக் கட்டியிருக்கும் வாரை இழுக்க வேண்டும்: ஒரே இடத்தில் பலமாக இழுக்காமல், எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாகச் சுற்றி வாருங்கள். மிருதங்கம் கட்டுபவருக்கு இது கைவந்த வேலை. விளிம்பில் நான்கு இடத்தில் தட்டினால் ஒரே சுருதி கேட்க வேண்டும். கர்கர் என்று அதிர்ந்தால் கரணை தோலைவிட்டுப் பெயர்ந்திருக்கிறது. இழுத்தால் சரியாகாது, புதிதாகப் போட வேண்டியதுதான்.

மிருதங்கத்தின் இடது முகமான தொப்பிக்குப் பூசுவதுபோல் ரவை பூசிவிடாதீர்கள். நிரந்தரக் கரணையின்மேல் அது ஈரத்தைத்தான் ஏற்றும்.

கேள்வி: கடைக்காரர் '4000' என்கிறார். எந்த ரூபாய்?

இந்திய முகம் தெரிந்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். 'ஐசியா, என்சியா' என்று கேளுங்கள். இந்திய நாணயம், நேபாள நாணயம் என்று அங்கே பேசும் வழக்கு. 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை. என்சியில் 4000 என்றால் நம் பணத்தில் 2500. பேரம் முடிந்ததும் ரசீதில் எந்த நாணயம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கைஞ்சடி பார்த்தோம், நம் கஞ்சிரா மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா?

தோலைப் பார்த்து. மணிமணியாகச் செதில் வரிசை தெரிந்தால் அது உடும்புத் தோல். உடும்பு இந்திய வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது. பழைய கருவி என்று கடைக்காரர் சொல்வது சுங்கத்தில் உங்களைக் காப்பாற்றாது. ஆட்டுத்தோல் போட்டதையே கேளுங்கள்.

கேள்வி: விமானத்தில் எப்படி எடுத்துவருவது?

தந்திகளை முழுவதும் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். சாரங்கியின் குதிரையைப் படுக்கவைத்து, தோலுக்கு மேலே மடித்த துணி வையுங்கள்; நின்றபடி விட்டால் பெட்டி அழுந்தும்போது தோலைக் கிழித்துவிடும். மாதலின் இரு முகத்துக்கும் வட்டமாக வெட்டிய கெட்டி அட்டை போதும். கூடவே உதிரித் தந்தி ஒரு செட்டை அந்தக் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.